சும்மாவா பிடிப்பாங்க?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் கூடினோம். எல்லாருமே புனேவில் பத்துப் பதினைந்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர்கள். பஜ்ஜி, காபி, ஊர்க் கதை. பேச்சு வழக்கம்போல அமெரிக்காவுக்குப் போனது. ஒரு பெரியவரின் மகள் டெக்சாஸில் வீடு வாங்கியிருக்கிறாள்.

"ஏரியா பாத்துத்தான் வாங்கினாங்க. கறுப்பங்க ஜாஸ்தி இருக்கற ஸ்கூல்ல நம்ம பேரனைப் போட முடியுமா? அங்க சின்னப் பசங்க ஜெயில்லயே பாதிப் பேரு அவனுங்கதானாம்."

"ஆமா சார், சும்மாவா பிடிப்பாங்க?" என்றார் இன்னொருவர்.

எல்லாரும் தலையாட்டினார்கள். தங்கமணி என்னைப் பார்த்தார். நான் வெங்காய பஜ்ஜியைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து பதிவு போடுகிறவன் வீரன் அல்ல என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கேள்வி மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. அதனால் இது.

சும்மாவா பிடிப்பாங்க? ஆமாம் சார். சும்மாதான் பிடிக்கிறார்கள். உதாரணம் சொல்கிறேன்.

*

டென்னசி மாநிலம், ரதர்ஃபோர்ட் கவுன்ட்டி. 2016 ஏப்ரல். குட்டிப் பையன்கள் தெருவில் அடித்துக்கொண்டதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அடித்தவர்களுக்கு வயது ஐந்து, ஆறு. அடி என்றால் கொசுவை விரட்டுகிற மாதிரி அடி. போலீஸ் அந்த வீடியோவைப் பார்த்தது. அடித்த பொடியன்களை விட்டுவிட்டு, சுற்றி நின்று வேடிக்கை பார்த்ததாகச் சொல்லி மற்ற பிள்ளைகளைக் கைது செய்தது. மொத்தம் 11 குழந்தைகள். அதில் 8 வயதுக் குழந்தையும் உண்டு. சிலரைப் பள்ளிக்கூடத்திலேயே விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். கறுப்பினக் குழந்தைகள்.

என்ன குற்றம்? 'மற்றவர் செய்கைக்குப் பொறுப்பு' என்று எழுதினார்கள். டென்னசி சட்டத்தில் அப்படித் தனியாக ஒரு குற்றமே கிடையாது. இல்லாத கணக்கு எண்ணில் பற்று எழுதின மாதிரி. எங்கள் வங்கியில் ஒரு கிளார்க் அப்படிச் செய்தால் சிஸ்டமே ஏற்காது. அங்கே ஏற்றது. போலீஸ்காரர் எழுதினார், நீதிமன்ற அதிகாரி கையெழுத்துப் போட்டார், குழந்தைகள் போனார்கள்.

பிறகு தோண்டிப் பார்த்தபோது இன்னொன்றும் வெளிவந்தது. மாநிலம் முழுக்கச் சிறார் வழக்குகளில் குழந்தையை உள்ளே அடைத்தது சராசரியாக 5 சதவீதம். இந்த ஒரு கவுன்ட்டியில் 2014-இல் 48 சதவீதம். வழக்குப் போட்டார்கள். 2021-இல் 1.1 கோடி டாலர் வரை நஷ்டஈடு கொடுக்க கவுன்ட்டி ஒப்புக்கொண்டது. அத்தனையும் வரி கட்டியவர்களின் பணம்.

ஒரு ஊர்க் கதையை வைத்து ஒரு தேசத்தைத் திட்டலாமா என்று கேட்பீர்கள். நியாயம். மொத்தக் கணக்குக்கு வருகிறேன். 2021-இல் அமெரிக்காவில் ஒரு வெள்ளைப் பிள்ளை சிறார் காவல் இல்லத்தில் அடைக்கப்படும் வாய்ப்பு 1 என்றால், ஒரு கறுப்புப் பிள்ளைக்கு அது 4.7. பூர்வகுடிப் பிள்ளைக்கு 3.7. மக்கள்தொகை வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிட்டுச் சொல்கிற விகிதம் இது. ஆயிரம் பிள்ளைக்கு ஆயிரம் பிள்ளை.

*

"அவங்க தப்பு அதிகமாப் பண்றாங்க, அதனால அதிகமா உள்ள போறாங்க" என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை மறைக்கமாட்டேன். கொலை, துப்பாக்கிக் குற்றங்களில் கறுப்பின இளைஞர்கள் கைதாகும் விகிதம் அதிகம். செத்துப்போகிறவர்களும் அவர்கள்தான் அதிகம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆனால் சிறார் நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் கொலை என்பது சமுத்திரத்தில் ஒரு துளி. பெரும்பாலும் சில்லறை அடிதடி, கடைத் திருட்டு, கஞ்சா, கண்ணாடி உடைத்தது, பள்ளியில் கலாட்டா. எல்லா நிறத்துப் பிள்ளைகளும் அந்த வயதில் செய்கிற வேலை.

கஞ்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975-லிருந்து வருஷா வருஷம் பள்ளி மாணவர்களிடம் போதைப் பழக்கம் பற்றிக் கேட்டுப் பதிவு செய்கிறது. பல பத்தாண்டுகளாக அதில் வந்த விடை, கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவர்களைவிட அதிகம் உபயோகிக்கவில்லை என்பது. பல வருஷம் குறைவாகவே உபயோகித்திருக்கிறார்கள். கைதுக் கணக்கு மட்டும் தலைகீழ். ஏன்? ஒருத்தன் தன் வீட்டு மாடியில் புகைக்கிறான், இன்னொருத்தன் தெருமுனையில். போலீஸ் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

வங்கியில் இருபது வருஷத்துக்கு மேல் கடன் கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விதி எழுதியிருக்கிற இடத்தில் பாரபட்சம் செய்வது கஷ்டம். 'அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்டு' என்று எழுதியிருக்கிற இடத்தில்தான் பாரபட்சம் குடியிருக்கும். சிறார் நீதி முழுக்கவே விருப்புரிமை. கண்டித்து அனுப்பலாமா, ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகலாமா? பெற்றோரைக் கூப்பிடலாமா, வழக்குப் போடலாமா? வீட்டில் இருந்தபடி வரச் சொல்லலாமா, உள்ளே வைக்கலாமா? சிறார் நீதிமன்றமா, பெரியவர்கள் நீதிமன்றமா? நாலைந்து படி. ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் பையனின் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது, கூட்டு வட்டி மாதிரி. கடைசியில் பார்த்தால் 4.7. எந்தப் படியில் நின்றவரும் "நான் நிறம் பார்த்தேன்" என்று சொல்லமாட்டார். பொய்யும் சொல்லியிருக்கமாட்டார். அவருக்கே தெரியாது.

இது பாலர் பள்ளியிலேயே ஆரம்பிக்கிறது என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 2011-12 கல்வியாண்டின் அமெரிக்க அரசுக் கணக்கு இது. பாலர் வகுப்புப் பிள்ளைகளில் கறுப்புக் குழந்தைகள் 18 சதவீதம். ஒரு தடவைக்கு மேல் சஸ்பெண்ட் ஆன பாலர் வகுப்புப் பிள்ளைகளில் அவர்கள் 48 சதவீதம். நாலு வயசு! நாலு வயசுக் குழந்தையைச் சஸ்பெண்ட் செய்கிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

2014-இல் ஃபிலிப் அத்திபா காஃப் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பையன்களின் படத்தைக் காட்டி, இவன் இன்ன குற்றத்தில் சந்தேகிக்கப்படுகிறான், வயது என்ன இருக்கும் என்று கேட்டார்கள். கடும் குற்றம் என்று சொல்லிக் காட்டிய கறுப்புப் பையன்களுக்குக் கல்லூரி மாணவர்களும் சரி, போலீஸ்காரர்களும் சரி, சராசரியாக நாலரை வயது கூட்டிச் சொன்னார்கள். பதிமூன்று வயசுப் பையன் பதினேழு, பதினெட்டாகத் தெரிகிறான். குழந்தை என்ற சலுகை அங்கேயே போய்விட்டது.

*

இதைப் படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. காரணம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் நான் இருந்த ஒரு கிளையில் நடந்தது. வயதான வாடிக்கையாளர் ஒருவர் பணப்பையைக் காணோம் என்று அலறினார். உள்ளே இருபதாயிரம். வாசலில் ஒரு பையன் குப்பைப் பை, பேனா எல்லாம் விற்றுக்கொண்டிருப்பான். பார்தி சமூகம் என்று செக்யூரிட்டி சொல்லித்தான் தெரியும். குடும்பம் எதிர் நடைபாதையில். செக்யூரிட்டி அவனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். நான் கேமரா பதிவைப் பார்க்கவில்லை. போலீஸுக்குப் போன் போட்டேன். வயசு என்ன இருக்கும் என்று கேட்டார்கள். "பதினாறு இருக்கும்" என்றேன். என் கண் முன்னாலேயே இரண்டு அறை விழுந்தது. கூட்டிப்போனார்கள்.

சாயங்காலம் பெரியவர் போன் செய்தார். பை வீட்டில் பூஜை அறையில் இருந்ததாம். "ஸாரி மேனேஜர் சாஹிப்." நான் சௌக்கிக்குப் போன் செய்தேன். விட்டுவிட்டோம் என்றார்கள். மறுநாள் அந்த நடைபாதையில் யாரும் இல்லை. அடுப்புக் கல் மட்டும் கிடந்தது. டீக்கடைக்காரர் சொன்னார், அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயசுதானாம்.

இதற்கு ஒரு வருஷம் கழித்து என் மகன், நிஜமாகவே பதினாறு வயது, லைசென்ஸ் இல்லாமல் என் ஸ்கூட்டரை எடுத்துப்போய் ஒரு ஆட்டோவில் இடித்துவிட்டான். நான் ஓடினேன். பேங்க் அடையாள அட்டை சட்டைப் பையில் தெரியும்படிதான் ஓடினேன். போலீஸ்காரரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "குழந்தை சார், தெரியாமப் பண்ணிட்டான்."

அவர் சிரித்தார். ஆட்டோக்காரருக்கு ரிப்பேர் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். என் பிள்ளைக்குக் கிடைத்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. பதினாறு வயதில் ஒரு முட்டாள்தனத்துக்கு அவ்வளவுதான் கிடைக்கவேண்டும். அதே இரக்கம் பன்னிரண்டு வயசுக்காரனுக்குக் கிடைக்காமல் போனதற்கு என் போன்காலும் காரணம். அவ்வளவுதான் சங்கதி. சும்மாவா பிடிப்பாங்க என்று கேட்கிறவர்களுக்கு, பிடித்துக்கொடுத்தவன் சொல்கிறேன்: சும்மாதான்.

*

மறுபடி அமெரிக்கா. இது ஏதோ சில கெட்ட போலீஸ்காரர்களின் கதை அல்ல. படித்தவர்கள் கட்டிய வீடு.

உலகத்தின் முதல் சிறார் நீதிமன்றம் 1899-இல் சிகாகோவில் வந்தது. பிள்ளை தப்புச் செய்தால் தண்டிக்காதே, திருத்து, தகப்பன் மாதிரி நட என்பது கொள்கை. அருமையான கொள்கை. யாருக்குத் தகப்பன் என்பதில்தான் கோளாறு. 1944-இல் தென் கரோலினாவில் ஜார்ஜ் ஸ்டின்னி என்ற 14 வயதுக் கறுப்புச் சிறுவனை மின்சார நாற்காலியில் உட்காரவைத்துக் கொன்றார்கள். முழுவதும் வெள்ளையர்களான ஜூரி. அந்தத் தீர்ப்பு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது 2014-இல். எழுபது வருஷம் லேட்.

1989 ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடப்போன ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டாள். 14-லிருந்து 16 வயதுக்குள் ஐந்து பையன்களைப் பிடித்தார்கள். நாலு பேர் கறுப்பர், ஒருவர் லத்தீன். மணிக்கணக்கில் விசாரித்து வாக்குமூலம் வாங்கினார்கள். மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவா என்று டொனால்ட் டிரம்ப் நாலு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். 2002-இல் உண்மைக் குற்றவாளி தானே ஒப்புக்கொண்டான், டி.என்.ஏ.வும் பொருந்தியது. பையன்கள் வாலிபத்தைச் சிறையில் கழித்து முடித்திருந்தார்கள். 2014-இல் நகரம் 4.1 கோடி டாலர் கொடுத்தது.

1995-இல் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜான் டியூலியோ ஒரு சொல்லைப் பிரபலமாக்கினார்: 'சூப்பர் பிரிடேட்டர்'. இரக்கமே இல்லாத சிறுவர் கூட்டம் ஒன்று வளர்ந்து வருகிறது, ஊரை வேட்டையாடப் போகிறது என்றார். பெரும்பாலான மாநிலங்கள் சிறுவர்களைப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்புவதைச் சுலபமாக்கின. வேட்டைக்கூட்டம் வரவே இல்லை. சிறார் வன்குற்றம் அதற்கு முன்பே இறங்க ஆரம்பித்திருந்தது. தன் கணிப்பு தப்பு என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் போன பிள்ளைகள் போனது போனதுதான்.

கலீஃப் பிரௌடர் கதை தெரியுமா? 2010, நியூயார்க். 16 வயது. முதுகுப்பை திருடினான் என்று பிடித்தார்கள். ஜாமீன் 3,000 டாலர். வீட்டில் அவ்வளவு இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள், விட்டுவிடுகிறோம் என்றார்கள். நான் எடுக்கவில்லை என்றான். விசாரணையே இல்லாமல் ரைக்கர்ஸ் தீவில் மூன்று வருஷம், அதில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் தனிமைச் சிறை. 2013-இல் வழக்கைக் கைவிட்டார்கள். 2015-இல் தற்கொலை செய்துகொண்டான். 22 வயது. மூவாயிரம் டாலர், சார். இங்கே நாம் கார் லோனுக்குக் கட்டுகிற முன்பணம்.

*

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கா கணக்கு எழுதுகிறது. சிறுபான்மைப் பிள்ளைகள் அளவுக்கு மீறி அடைக்கப்படுகிறார்களா பார் என்று 1988-இல் மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. 1992-இல் அதை மத்திய நிதியோடு முடிச்சுப் போட்டது. 2018-இல் சட்டத்தைத் திருத்தி இன்னும் அழுத்திச் சொன்னது. 2000-லிருந்து மொத்தம் அடைக்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை முக்கால் பங்கு குறைந்தும் போனது. நல்ல விஷயம். ஆனால் கறுப்பு, வெள்ளை விகிதம் குறையவில்லை. கதவு திறந்தபோது யார் முதலில் வெளியே வந்தார்கள் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். இந்த வெட்கக்கேடு நமக்குத் தெரிவதே அவர்கள் எழுதி வைத்ததால்தான்.

நம் கதை? நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பெரியவர்கள் சிறைக் கணக்கில் சாதி, மதம் போடுகிறது. பிடிபட்ட சிறார் கணக்கில் என்ன படித்தான், யாரோடு வசித்தான் என்று போடுகிறது. என்ன சாதி, எந்தப் பழங்குடி என்ற கட்டம் இல்லை. கட்டம் இல்லையென்றால் கூட்டுத்தொகை இல்லை. கூட்டுத்தொகை இல்லையென்றால் பிரச்சினையே இல்லை. தணிக்கைக்கு வராத லெட்ஜரில் என்ன நடக்கும் என்று எந்த வங்கிக்காரனையும் கேளுங்கள்.

இதே புனேயில் 2024 மே 19 விடிகாலை 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் இரண்டு இளம் எஞ்சினியர்களைக் கொன்றது. பதினைந்து மணி நேரத்துக்குள் ஜாமீன். 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்றது சிறார் வாரியம். ரத்த மாதிரியை மாற்றியதாக இரண்டு மருத்துவர்கள் கைதானார்கள். நாடே கொதித்தது. பெரியவனாக விசாரி என்றார்கள். 2025-இல் வாரியம் மாட்டேன் என்றது. நான் கொதித்தது வேறு காரணத்துக்காக. கட்டுரை எழுதச் சொன்னது ரொம்ப மலிவான தண்டனைதான். ஆனால் பதினேழு வயது என்றால் குழந்தை என்று வாரியத்துக்கு அன்று ஞாபகம் இருந்ததே, அந்த ஞாபகம் நடைபாதைப் பிள்ளைக்கு ஏன் வருவதில்லை? 2015 சட்டம் 16 வயது தாண்டியவர்களைக் கொடுங்குற்றத்தில் பெரியவனாக விசாரிக்கலாமா என்று வாரியமே எடைபோடச் சொல்கிறது. மறுபடியும் விருப்புரிமை. அந்தத் தராசில் யார் பிள்ளை எப்படி நிற்கும் என்று சொல்லவேண்டுமா?

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். பிறப்பிலேயே குற்றவாளி. 1897 திருத்தம் நாலு வயதிலிருந்தே பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துச் சீர்திருத்த இடத்தில் வைக்கலாம் என்றது. நம் ஊரில் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டுச் செத்தார்கள். 1952-இல் நாடு முழுக்கச் சட்டம் போனது. மகாராஷ்டிராவில் பார்தி பையனைப் பார்த்ததும் என் கை போனுக்குப் போனதே, அது எந்தச் சட்டம்?

1960-களில் பம்பாயில் லுங்கி கட்டினவனெல்லாம் சந்தேகக் கேஸ் என்று நம்மவர்களை விரட்டினார்கள். அன்றைக்கு தாராவியில் அடிவாங்கிய தமிழனைப் பற்றி யாரோ ஒரு வீட்டில் காபி குடித்துக்கொண்டே "சும்மாவா அடிப்பாங்க?" என்று சொல்லியிருப்பார்கள்.

என் கோரிக்கை பெரிதல்ல. இங்கே சிறார் கணக்கில் அந்தக் கட்டத்தைச் சேர்க்கவேண்டும். பிடிபட்ட பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன் வக்கீல் வரவேண்டும். வயதைப் போன் செய்கிறவன் மதிப்பிடக்கூடாது. அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் அங்கே ஏரியா பார்த்து வீடு வாங்குங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் பேரனுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவன் தோலும் அவ்வளவு வெள்ளை இல்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில்தான் கூட்டம். தங்கமணி அடை போடுகிறேன் என்றிருக்கிறார். இந்த முறை வாயைத் திறப்பதாக உத்தேசம்.

டிஸ்கி: அந்தப் பெரியவர் இந்தப் பதிவைப் படிப்பார். சார், உங்கள் மேல் கோபம் இல்லை. போன் செய்தது நீங்கள் இல்லை, நான்.